பிறந்தபோது ‘பாஸ்’ ஆன காது: நெல்லைப் பக்கத்து ஒரு நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டையில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்டின் குறிப்பு இது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், மருத்துவமனை எதையும் சொல்லவில்லை. பச்சைக் குழந்தைகளுக்குக் காது பரிசோதிக்கும் செவிலியர்கள், குழந்தை மருத்துவர்கள், ‘பாஸ்’ என்று அச்சிட்ட சீட்டு கையில் இருந்தும் மனம் சமாதானமாகாத பெற்றோர் ஆகியோருக்கு இது பயன்படக்கூடும்.

பின்னணி

முக்கூடல் பக்கத்துக் கிராமம். தாய் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார், தந்தை லோடு ஆட்டோ ஓட்டுகிறார். தாய்க்குத் தந்தை சொந்தத் தாய்மாமன். முதல் குழந்தை பெண். நிறைமாதத்தில் சுகப்பிரசவம், பிறந்தவுடன் அழுதிருக்கிறது. மஞ்சள் காமாலைக்கு விளக்கு வைக்கவில்லை, இன்குபேட்டரில் வைக்கவில்லை, மூளைக்காய்ச்சல் வரவில்லை. குடும்பத்தில் பிறவியிலேயே காது கேட்காதவர் யாரும் இருப்பதாக அவர்களுக்குத் தெரியவில்லை.

பிரசவம் நடந்த தனியார் மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பும் முன்பு ஓ.ஏ.இ. (ஓட்டோஅகூஸ்டிக் எமிஷன்) என்ற காது கேட்கும் சோதனை செய்திருக்கிறார்கள். சின்னக் குமிழைக் காதில் செருகினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனை. இரண்டு காதும் பாஸ். அந்தச் சீட்டைத் தடுப்பூசி அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

சந்தேகம் எழுந்த விதம்

முதலில் சந்தேகப்பட்டது ஆச்சி, தாயைப் பெற்றவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை. முகத்துக்கு நேரே வந்தால்தான் சிரிக்கிறாள். ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை நடந்த ராத்திரி, வீட்டுக்கு மேலேயே கட்டியிருந்த கூம்புக் குழாய் அலற, பிள்ளை அயர்ந்து தூங்கியிருக்கிறாள். ஆனால் மறுநாள் மேளக்காரர்கள் வாசலுக்கு வந்து தவிலை அடித்தபோது தூக்கிவாரிப் போட்டு விழித்திருக்கிறாள். வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. தாத்தாவுக்குச் சந்தேகமே இல்லை: “மேளத்துக்கு முழிக்கா, பிறகென்ன?” ஆச்சி விடவில்லை: “கூப்பிட்டா திரும்பலயே.”

இரண்டு பேர் கண்டதும் உண்மைதான். பக்கத்தில் அடிக்கும் தவிலின் தாழ்ந்த ஒலி தரையையும் தொட்டிலையும் அதிர வைக்கும். அந்த அதிர்வைத் தோல் உணரும், அதற்குக் காது வேண்டியதில்லை. குழாயில் வந்த பாட்டுக்குக் காது வேண்டும்.

இடையில் ஒரு மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். சீட்டைப் பார்த்துவிட்டு, சில பிள்ளைகள் தாமதமாகத்தான் கவனிக்கும், பேச்சும் மெதுவாக வரும் என்று சொல்லியிருக்கிறார். “காது நல்லா இருக்குன்னு சீட்டே தந்துட்டாவளே, நாம என்னத்தச் சொல்ல?” என்றார் தாய். ஒன்பதாம் மாதம் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்குப் போனபோது கிராம சுகாதார செவிலியர் பிள்ளையின் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்திருக்கிறார். சீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எங்களிடம் அனுப்பியவர் அவர்தான்.

முதல் பரிசோதனை

வரும்போது பத்து மாதம் முடிந்திருந்தது. கண்ணும் கவனமும் மிகக் கூர்மை. யார் கதவைத் திறந்தாலும், ஃபேன் நிழல் அசைந்தாலும் தலை திரும்புகிறது. கிலுகிலுப்பை, மணி, ஸ்பீக்கரில் வரும் ஒலி எதற்கும் திரும்பவில்லை. மேஜையைத் தட்டியபோது மட்டும் திரும்பினாள். அப்போது அவள் உள்ளங்கை மேஜையில் பதிந்திருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு அதே வேகத்தில் தட்டினோம், அசைவில்லை. வீட்டில் ஓடிய வாதத்துக்கு அங்கேயே விடை கிடைத்தது.

செவிப்பறையும் நடுக்காதும் சரியாக இருந்தன. சளி கோத்திருக்கவில்லை. பிறகு ஓ.ஏ.இ. மறுபடியும் இரண்டு காதும் பாஸ், அதுவும் நல்ல வலுவான பதில்.

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு ஓ.ஏ.இ. இப்படித் தெளிவாக வந்தால் மூளை வளர்ச்சியையோ ஆட்டிசத்தையோ நோக்கி அனுப்பிவிடுவது வழக்கமாக நடப்பது. எங்கள் முடிவு, அதற்கு முன் பெரா (ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின்பதிலைப் பதியும் சோதனை) எடுக்காமல் எந்தப் பெயரும் சூட்டுவதில்லை என்பது. ஏன் என்று புரிய, ஓ.ஏ.இ. சோதனை காதில் எதைத் தொடுகிறது, எதைத் தொடுவதில்லை என்று பார்க்க வேண்டும்.

ஒலி நரம்புக்குப் போகும் வழி

செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகள் உள்காதுக்குக் கடத்துகின்றன. செவிப்பறையின் பரப்பு, அங்கவடி அழுத்தும் சன்னலைப் போலப் பதினேழு இருபது மடங்கு. அதனால் காற்றில் வந்த மெல்லிய அழுத்தம், உள்ளேயிருக்கும் திரவத்தை அசைக்கும் அளவுக்குப் பெருகிவிடுகிறது. உள்காதில் ஒலியை வாங்கும் பகுதியான காக்ளியா இரண்டரைச் சுற்றுச் சுருள், விரித்தால் 35 மில்லிமீட்டர் அளவு. அதனுள் ஓடும் அடிச்சவ்வில் கிறீச்சென்ற ஒலி வாசல் பக்கத்தையும், தாழ்ந்த ஒலி உள்முனையையும் அதிகம் ஆட்டும். இதைக் கண்டறிந்த கியார்க் வான் பெக்கேசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை எல்லாம் வெறும் அசைவுதான். அசைவு மின்சாரமாக மாறுவது ரோமச் செல்களில். ஒவ்வொரு காதிலும் உள் ரோமச் செல்கள் சுமார் 3,500, வெளி ரோமச் செல்கள் சுமார் 12,000. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் பார்க்கும் வேலை வேறு.

ஒவ்வொரு செல்லின் தலையிலும் உயர வரிசையில் நுண்ணிழைகள் நிற்கின்றன. ஒவ்வொரு குட்டை இழையின் நுனியையும் அடுத்த நெட்டை இழையோடு ஒரு நூல் இணைக்கிறது. அடிச்சவ்வு ஆடும்போது இழைகள் சாய, நூல் இழுபட, இழையின் நுனியிலுள்ள அயனி வாயில் திறக்கிறது. மெல்லிய ஒலிக்கு இந்தச் சாய்வு நானோமீட்டர் கணக்கில்தான் இருக்கும். மேலே நிற்கும் திரவத்தில் பொட்டாசியம் மிகுதி. அதன் மின்னழுத்தம் சுமார் +80 மில்லிவோல்ட். செல்லின் உட்புறமோ எதிர்மின்னில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தால் வாயில் திறந்த மறுகணமே பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. உணவை எரித்துச் சக்தி திரட்டக் காத்திருக்கத் தேவையில்லாததால்தான் காது இவ்வளவு வேகமாக இயங்குகிறது.

இதற்குப் பிறகு வழி பிரிகிறது. வெளி ரோமச் செல்லில் மின்னழுத்தம் மாறினால் செல்லே நீண்டு சுருங்குகிறது. அதன் சுவரிலுள்ள பிரெஸ்டின் என்ற புரதம் செய்யும் வேலை அது. இந்த ஆட்டம் அடிச்சவ்வின் அசைவைப் பெருக்கிக் கொடுக்கிறது. அதில் ஒரு துளி திரும்பவும் நடுக்காது வழியாக வெளியே ஒலியாகக் கசிகிறது. லண்டனில் டேவிட் கெம்ப் 1978இல் கண்டது இந்தக் கசிவைத்தான். ஓ.ஏ.இ. கருவியின் மைக் பிடிப்பதும் இதையே. அந்தக் கருவி ‘பாஸ்’ என்றால் வெளி ரோமச் செல்கள் ஆடுகின்றன என்று பொருள். அதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை.

மூளைக்குச் செய்தி அனுப்புவது உள் ரோமச் செல். காதிலிருந்து புறப்படும் 30,000 சொச்சம் நரம்பிழைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உள் ரோமச் செல்களிலிருந்தே கிளம்புகின்றன. பொட்டாசியம் உள்ளே வந்து மின்னழுத்தம் ஏறியதும் செல்லின் அடியில் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. அங்கே குளூட்டமேட் நிறைந்த நுண்பைகள் காத்து நிற்கின்றன. கால்சியம் வந்ததை உணர்ந்து அந்தப் பைகளைச் சுவரோடு சேர்த்து உடைக்க வைப்பது ஓட்டோஃபெர்லின் என்ற புரதம். பை உடைந்து குளூட்டமேட் சிந்தினால் எதிரேயுள்ள நரம்பிழை துடிக்கும். அந்தத் துடிப்புத்தான் மூளைக்குப் போகும் செய்தி.

ஓட்டோஃபெர்லின் இல்லையென்றால் இழை சாயும், வாயில் திறக்கும், மின்னழுத்தம் ஏறும், கால்சியமும் வரும். பை மட்டும் உடையாது. நரம்பு முழு ஆரோக்கியத்தோடு சும்மா கிடக்கும். வெளி ரோமச் செல்களின் ஆட்டத்துக்கு இந்தப் புரதம் தேவையில்லை, ஆகவே ஓ.ஏ.இ. பாஸ்.

பெரா காட்டியது

மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனை ஒட்டி, காதில் ‘டிக் டிக்’ ஒலியை விட்டோம். நல்ல காதென்றால் பத்து மில்லிசெகண்டுக்குள் நரம்பிலிருந்து மூளைத்தண்டு வரை ஐந்து அலைகள் எழ வேண்டும். 90 டெசிபெலில்கூட ஐந்தாம் அலை உட்பட எதுவும் எழவில்லை.

ஆனால் கோட்டின் தொடக்கத்தில், முதல் ஓரிரு மில்லிசெகண்டில், நெளிநெளியாக ஒரு துடிப்பு தெரிந்தது. ஒலி அலையின் ஏற்ற இறக்கத்தைத் தலைகீழாக்கினால் அதுவும் தலைகீழானது. நரம்பலை அப்படிப் புரளாது. ரோமச் செல்களின் மின்துடிப்புத்தான் புரளும். கருவியின் மின்கசிவும் இதே மாதிரி புரளக்கூடியது என்பதால் ஒலி போகும் ரப்பர்க் குழாயை விரலால் இறுக்கி மடித்துப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓட விட்டோம். மின்கசிவாக இருந்தால் குழாயை அடைத்தாலும் நிற்காது. கோடு தட்டையானது. விரலை எடுத்ததும் நெளிவு திரும்ப வந்தது. ரோமச் செல்கள் மின்சாரம் உண்டாக்குவது உறுதி. அதற்கு அப்பால் ஒன்றும் போகவில்லை என்பதும் உறுதி.

இந்த நிலைக்குச் செவி நரம்பிணைவுக் கோளாறு என்று பெயர். காமாலை முற்றிய குழந்தைகளிடமும் குறைமாதக் குழந்தைகளிடமும்தான் இதை அதிகம் பார்ப்போம். இந்தப் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. சொந்தத்தில் கல்யாணம் என்பதால் மரபணுவைச் சந்தேகித்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எம்.ஆர்.ஐ. சில பிள்ளைகளுக்குச் செவி நரம்பே உருவாகாமல் இருக்கும், அப்போதும் ஓ.ஏ.இ. வரும், பெரா வராது. அந்த நிலையில் காக்ளியர் இம்ப்ளாண்ட் (காக்ளியாவுக்குள் மின்முனை வைத்து நரம்பைத் தூண்டும் கருவி) பெரும்பாலும் ஏமாற்றிவிடும். இங்கே இரண்டு பக்கமும் நரம்பு தெளிவாக இருந்தது, காக்ளியாவின் சுற்றுகளும் சரி.

அடுத்து மரபணுச் சோதனை. செலவு பிடித்த காரியம். வேண்டுமா என்று தந்தை கேட்டது நியாயம். பழுது நரம்பிலா அதற்கு முந்திய செல்லிலா என்பது தெரிந்தால் இம்ப்ளாண்ட் எவ்வளவு உதவும் என்று முன்கூட்டியே சொல்லலாம். அடுத்த குழந்தையைப் பற்றியும் பேசலாம். அதற்காகத்தான் பரிந்துரைத்தோம். ஓட்டோஃபெர்லின் புரதத்தை உண்டாக்கும் ஓட்டோஃப் மரபணுவின் இரண்டு பிரதியிலும் பழுது என்று முடிவு வந்தது. காது கேளாமையோடு இந்த மரபணுவுக்குள்ள தொடர்பு 1999இல் கண்டறியப்பட்டது. தாயிடம் ஒரு பழுதான பிரதி, தந்தையிடம் ஒன்று. இருவருக்கும் காது நன்றாகவே கேட்கிறது. ஒவ்வொரு பிரசவத்திலும் இரண்டு பழுதும் பிள்ளைக்குச் சேர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

இதைச் சொல்லும்போது அறையில் யாரைக் குற்றம் சொல்வது என்ற பேச்சு எழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆச்சிக்குத்தான் மனம் ஆறவில்லை. மகளைத் தன் தம்பிக்கே கொடுத்தவர் அவர். சொந்தத்தில் முடிக்காத வீடுகளிலும் இப்படிப் பிள்ளைகள் பிறக்கின்றன, சொந்தத்தில் முடித்த பெரும்பாலான வீடுகளில் பிறப்பதில்லை என்று நடந்ததை மட்டும் சொன்னோம்.

தாத்தா வயல்காரர். கேட்டு முடித்துவிட்டு அவரே சொன்னார்: “கால்வாய்ல தண்ணி வந்துட்டு, மடை தெறக்கல, அதான சொல்லுதிய?” அதேதான் என்றோம். “அப்ப மடையச் சுத்தி வேற வழியா விடணும்.” இம்ப்ளாண்டை இதைவிடத் தெளிவாக நானும் விளக்கியதில்லை.

செவித்துணைக் கருவியைச் சில மாதங்கள் மாட்டிப் பார்த்தோம். அது ஒலியைப் பெருக்கும். இந்தக் காதில் பெருக்கம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. பலன் இருக்காது என்று ஊகித்தே இருந்தோம். ஆனாலும் நரம்பிணைவுக் கோளாறில் பெராவை மட்டும் வைத்து உண்மையில் எவ்வளவு கேட்கிறது என்று அறுதியிட முடியாது; எதிர்பாராமல் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. அறுவைக்கு முன் இந்த வாய்ப்பைத் தராமல் விடக்கூடாது. இவளுக்குப் பலன் இல்லை.

அந்த மாதங்களில் சைகையை நிறுத்தச் சொல்லவில்லை. சைகை காட்டினால் பேச்சு வராது என்று சில பயிற்சியாளர்கள் இன்றும் பயமுறுத்துகிறார்கள். ஒன்றும் கேட்காத பிள்ளையிடமிருந்து கையையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கும்? பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இருக்கிறது. அங்கே படித்து வேலை பார்த்துக் குடும்பம் நடத்துபவர்கள் இந்த மாவட்டமெங்கும் இருக்கிறார்கள். இம்ப்ளாண்ட் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் குடும்பத்துக்கு உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னோம். அவர்கள் இம்ப்ளாண்டைத் தேர்ந்தார்கள்.

அறுவையும் பிறகும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த அறுவை உண்டு. வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ., அட்டைக்குக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் என்று தந்தை அலைந்து முடித்தார். நிமோனியாத் தடுப்பூசி போட்டு, ஒன்றரை வயதில் வலது காதில் அறுவை நடந்தது. கருவியின் வெளிப்பகுதி ஒலியை மின்துடிப்பாக மாற்றுகிறது. காக்ளியாவுக்குள் நுழைத்த மின்முனைகள் ரோமச் செல்லைத் தாண்டி நேராக நரம்பைத் தூண்டுகின்றன.

அறுவை மேஜையிலேயே மின்முனை வழியாகத் தூண்டிப் பார்த்தபோது நரம்பு பதில் சொன்னது. பிறந்ததிலிருந்து ஒலிக்குத் துடித்தறியாத நரம்பு அது. மரபணுச் சோதனை சொன்னது சரி என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துக் கருவியை இயக்கினோம். அழுதாள். பெரும்பாலான பிள்ளைகள் அழத்தான் செய்யும். மொபைலில் சுற்றும் காணொளிகளில் வருவதுபோல் எல்லாரும் சிரிப்பதில்லை. சில வாரங்களில் குக்கர் விசிலுக்குத் திரும்பினாள், பிறகு பெயருக்கு. ஒரு வருடம் முடியும்போது ‘ஆச்சி’, ‘தா’, ‘வேண்டாம்’ எல்லாம் வந்து, இரண்டு சொல் சேர்த்துப் பேசத் தொடங்கியிருந்தாள். ‘ச’வும் ‘த’வும் இன்னும் குழம்புகின்றன. கிரைண்டரும் டிவியும் ஓடும்போது பேச்சு எட்டுவதில்லை.

பயிற்சிக்கு வாரந்தோறும் முக்கூடலிலிருந்து பஸ். வந்துபோகும் நாளில் தாய்க்குப் பீடிக் கூலி கிடையாது. தட்டை மடியில் வைத்துக்கொண்டே பிள்ளைக்குச் சொல் சொல்லிக் கொடுக்கலாமா என்று கேட்டார். புகையிலைத் தூள் பிள்ளையின் மூச்சுக்கும் ஆகாது, கருவியின் மைக்குக்கும் ஆகாது என்பதால் வேண்டாம் என்றோம். அதற்குப் பதில் அடுப்படி வேலையைப் பயிற்சியாக்கினோம்: காய் பெயர், பாத்திரம் விழும் சத்தம், தண்ணீர் கொதிக்கும் சத்தம். கருவியின் ஒயர் அறுந்தபோது புதிது வரும்வரை சில நாள் பிள்ளை மறுபடி ஒன்றும் கேட்காமல் இருந்தாள். மாற்று ஒயர் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும் என்று அறுவைக்கு முன்பே சொல்வது நல்லது.

இரண்டரை வயதில் இடது காதில் ஓ.ஏ.இ. எடுத்தோம், மங்கிப்போயிருந்தது. இந்த மரபணுப் பழுதில் நாளடைவில் அப்படி ஆவது உண்டு. அந்த வயதில் முதன்முதலாக வந்திருந்தால் சாதாரணச் செவிட்டுத்தன்மை என்றே பதிந்திருப்போம்.

மாற வேண்டியவை

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. போதாது, பெரா வகைச் சோதனை வேண்டும் என்று குழந்தைகளின் செவித்திறனுக்கான அமெரிக்கக் கூட்டுக் குழு 2007லேயே வழிகாட்டிவிட்டது. நம் பக்கத்திலும் காமாலை, குறைமாதக் குழந்தைகளுக்கு அதைக் கட்டாயமாக்கலாம். ஆனால் இந்தப் பிள்ளையை அந்த விதி பிடித்திருக்காது. நிறைமாதம், ஆரோக்கியமான குழந்தை. எந்த ஆபத்துப் பட்டியலிலும் அவள் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் தானியங்கிப் பெரா எடுக்கும் வசதி வரும்வரை இப்படிப்பட்டவர்களைப் பிடிக்கப்போவது ஆச்சியின் கண்ணும் ஊசி போடும் செவிலியரின் கைதட்டலும்தான். ஆகவே ஒன்பதாம் மாத ஊசியன்று ‘கூப்பிட்டால் திரும்புகிறாளா’ என்ற கேள்வி அட்டையில் ஒரு கட்டமாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் சீட்டை மாற்றிவிட்டோம். ‘பாஸ்’ என்ற சொல்லுக்குக் கீழே தமிழில் இரண்டு வரி: இந்தச் சோதனை நரம்பைப் பார்ப்பதில்லை, பிள்ளை கேட்கவில்லை என்று தோன்றினால் சீட்டைப் பொருட்படுத்தாமல் வாருங்கள்.

இன்னும் முடியாத கேள்வி

திட்டத்தில் ஒரு காதுக்குத்தான் கருவி கிடைத்தது. இடது காதைப் பற்றி இப்போது தந்தை கேட்கிறார். ஓட்டோஃப் மரபணுவை வைரஸில் ஏற்றி உள்காதுக்குள் செலுத்தும் சிகிச்சை பற்றி அவர் யூடியூபில் பார்த்திருக்கிறார். செய்தி உண்மைதான். மரபணு பெரிது, ஒரு வைரஸில் அடங்காது என்பதால் இரண்டாகப் பிரித்து ஏற்றினார்கள். ஷாங்காயில் ஆறு பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கியதாக 2024இல் முடிவு வெளியானது. “அப்ப அந்தக் காதத் தொடாம விட்டுரலாமா?” என்றார்.

வலது காதுக்கு இந்தக் கேள்வி வந்திருந்தால் காத்திருக்க வேண்டாம் என்றே சொல்லியிருப்போம். மொழி பிடிக்கும் வயது காத்திருக்காது. மொழி இப்போது வலது காது வழியாக வந்துகொண்டிருப்பதால் இடது காதில் அவசரம் குறைவு. இரண்டாவது கருவிக்குச் சொந்தப் பணம் புரட்டக் கடன் வாங்க வேண்டாம், இடது காதை இப்போதைக்கு அப்படியே விடலாம் என்று சொல்லியிருக்கிறோம். அடுத்த பிரசவம் என்று ஒன்று வந்தால் ஓ.ஏ.இ.யோடு நிறுத்தாமல் முதல் மாதத்திலேயே நேராகப் பெராவுக்கு வருவதாகத் தாயும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.